இரவல் செயற்கைக்கோளில் ஓராண்டுப் பள்ளிக்கூடம்: ‘சைட்’ 1975–76

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. நம் ஊருக்கு டிவி வந்த கதையைச் சொல்பவர்கள் அந்தத் தேதியிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். அதற்கு இரண்டு வாரம் முன்னதாக, ஆகஸ்ட் 1 அன்று, வேறொரு தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. ராய்ச்சூர், கர்நூல், சம்பல்பூர், பிலாஸ்பூர், தர்பங்கா, சவாய் மாதோபூர் என்று ஆறு மாநிலங்களின் பின்தங்கிய மாவட்டங்களில் சுமார் 2,400 கிராமங்களில் ஒரே நாளில் திரை ஒளிர்ந்தது. அந்த ஊர்களில் பெரும்பாலானோர் அதுவரை டிவியைக் கண்ணால் பார்த்ததில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊராருக்கு. விளம்பரம் கிடையாது. யார் வீட்டிலும் பெட்டி கிடையாது, ஊருக்குப் பொதுவாக ஒன்று. சரியாக ஓராண்டு ஓடி, 1976 ஜூலை 31 அன்று நின்றுபோனது.

செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை என்பது அதன் முழுப் பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சைட்’ என்பார்கள். இஸ்ரோவின் வரலாற்றில் ஒரு பெருமைமிக்க அத்தியாயமாக இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் இந்த நிகழ்வை ஆராய்ந்து பார்க்க எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அடுத்த பத்தாண்டுகளில் இந்தியத் தொலைக்காட்சி ‘சைட்’டின் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டது. அதன் வரிசையை விட்டுவிட்டது. யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு ‘சைட்’ ஒரு பதில் வைத்திருந்தது. அந்தப் பதில் எப்படி உருவானது, ஓராண்டில் என்ன சாதித்தது, பிறகு எங்கே தொலைந்தது என்பதைப் பார்ப்போம்.

வரிசையைத் திருப்பிய யோசனை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில், யுனெஸ்கோவின் உதவியோடு, சமுதாயக் கல்விக்கான ஒரு சோதனையாகத்தான் பிறந்தது. 1961இல் டெல்லிப் பள்ளிகளுக்கான பாடங்கள் வந்தன. 1967 ஜனவரி 26 அன்று டெல்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களில் பொது டிவி பெட்டிகளை வைத்து உழவர்களுக்கான ‘கிரிஷி தர்ஷன்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். அந்த 80 கிராமங்களுக்கான முயற்சிக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப்படும் விக்ரம் சாராபாய். கிராமத்து மக்கள் உட்கார்ந்து பார்ப்பார்களா, பார்த்ததைப் பயன்படுத்துவார்களா என்று சின்ன அளவில் அறிந்துகொள்ள அது உதவியது.

சாராபாயின் கணக்கு எளிமையானது. டிரான்ஸ்மிட்டர் கோபுரங்களை நட்டுத் தொலைக்காட்சியைப் பரப்பினால் அது முதலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்றுதான் போகும். பிறகு மாநிலத் தலைநகரங்கள், பிறகு மாவட்டத் தலைநகரங்கள். கிராமத்தின் முறை வரும்போது ஒரு தலைமுறையே கடந்திருக்கும். செயற்கைக்கோளுக்கு அந்த வரிசை கிடையாது. மேலிருந்து விழும் அலைக்குப் பம்பாயும் ஒன்றுதான், பஸ்தர் காடும் ஒன்றுதான். ஆகவே எந்த ஊருக்கு முதலில் கொடுப்பது என்பதைப் பூகோளம் தீர்மானிக்காது, நாம் தீர்மானிக்கலாம் என்றார். அறுபதுகளின் இறுதியில், சொந்தமாக ஒரு செயற்கைக்கோள்கூட இல்லாத நாட்டில் உட்கார்ந்து இப்படி யோசித்தது சாதாரணக் காரியமல்ல.

1969 செப்டம்பர் 18 அன்று இந்திய அணுசக்தித் துறைக்கும் நாசாவுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. இஸ்ரோ அமைக்கப்பட்டு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒப்பந்தத்தின்படி பணம் கைமாறவில்லை. செயற்கைக்கோள் நாசாவுடையது, அதை இந்தியாவுக்காக ஓராண்டு நிறுத்திவைப்பார்கள். தரையில் இருக்கும் அத்தனையும் இந்தியாவின் பொறுப்பு, அத்தனை செலவும் இந்தியாவுடையது. என்ன நிகழ்ச்சி காட்டுவது என்பது முழுக்க இந்தியாவின் முடிவு. நாசாவுக்குத் தங்கள் புதுக் கருவியை ஒரு பெரிய நாட்டின் மீது சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

இந்த ஒளிபரப்பைப் பார்க்கச் சாராபாய் இருக்கவில்லை. 1971 டிசம்பர் 30 அன்று கேரளத்தின் கோவளத்தில், 52 வயதில் இறந்துபோனார். அதன் பிறகு இஸ்ரோவின் தலைமைக்குச் சதீஷ் தவான் வந்தார். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக யஷ் பால் 1973இல் பொறுப்பேற்றார். அண்டக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த இயற்பியலாளர் அவர். திட்டத்தை நடத்தும் வேலை ஏக்நாத் சிட்னிஸ் கைக்கு வந்தது.

கோழிக்கூட்டு வலையும் ஒன்பது மீட்டர் குடையும்

ஏ.டி.எஸ்-6 என்ற அந்தச் செயற்கைக்கோள் 1974 மே 30 அன்று ஏவப்பட்டது. அதன் தலையில் 9.14 மீட்டர் அகல ஆன்டெனா. ஏவும்போது குடைபோல மடங்கியிருந்து, விண்வெளிக்குப் போனபின் விரிந்தது. அன்றைய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை மிகப் பலவீனமானது. அதைப் பிடிக்கத் தரையில் பிரம்மாண்டமான தட்டு வேண்டும். 1971இல் புனேக்கு அருகே ஆர்வியில் திறந்த தரை நிலையத்தின் தட்டு சுமார் 30 மீட்டர் அகலம். ஏ.டி.எஸ்-6 இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. மேலே பெரிய ஆன்டெனாவையும் 80 வாட் திறனையும் வைத்து, 860 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வலுவாக அனுப்பினால் கீழே சின்ன ஆன்டெனா போதும்.

அந்தச் சின்ன ஆன்டெனாதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பொருள். 3 மீட்டர் குறுக்களவு. பளபளக்கும் உலோகத் தட்டு அல்ல, கோழி அடைக்கும் கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை. 860 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். வலையின் ஓட்டை அதைவிட மிகச் சிறியதாக இருப்பதால் அலைக்கு அது முழுத் தட்டுப்போலத்தான் படும், திருப்பி அனுப்பிவிடும். ஆனால் காற்று ஓட்டை வழியே போய்விடும், ஆன்டெனா சாயாது. எடை குறைவு. துண்டு துண்டாக எடுத்துப்போய் ஊரிலேயே பூட்டலாம். கம்பி அறுந்தால் உள்ளூரிலேயே கட்டலாம். செலவைக் குறைக்க வேண்டும், மாட்டு வண்டித் தடத்தில் கொண்டுபோக வேண்டும், புயலுக்கும் நிற்க வேண்டும் என்ற மூன்று நெருக்கடிக்கும் அகமதாபாத் பொறியாளர்கள் கண்ட ஒரே விடை அது.

பிடித்த சமிக்ஞையைச் சாதாரண டிவி புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றித்தர ஒரு சிறு மின்னணுப் பெட்டி வேண்டும். அதை அகமதாபாத்தில் வடிவமைத்தார்கள். கருவிகளையும் டிவி பெட்டிகளையும் ஐதராபாத்தில் இருக்கும் அரசு மின்னணு நிறுவனமான இசிஐஎல் தயாரித்தது. மின்சாரம் வராத சில ஊர்களுக்குப் பேட்டரியில் ஓடும் பெட்டிகள் போயின. மேலே அனுப்பும் முதன்மைத் தரை நிலையம் அகமதாபாத்திலும் இன்னொன்று டெல்லியிலும் இருந்தன.

முதல் ஓராண்டு ஏ.டி.எஸ்-6 அமெரிக்காவுக்கே வேலை செய்தது. அப்பலாச்சிய மலை ஊர்களுக்கும் ராக்கி மலைப் பள்ளிகளுக்கும் அலாஸ்கா கிராமங்களுக்கும் அதன் வழியே பாடமும் மருத்துவ ஆலோசனையும் போயின. 1975 நடுவில் அதைக் கிழக்கே நகர்த்தி, 35 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், ஆப்பிரிக்காவுக்கு மேலே நிறுத்தினார்கள். நமக்கு அது கிடைத்தபோது அந்த மலையூர்கள் அதை இழந்தன. ஓராண்டு கழித்து நம் கிராமங்களுக்கும் அதே கதிதான் வந்தது.

20 மாவட்டங்கள்

பீகாரில் முசாபர்பூர், தர்பங்கா, சம்பாரண், சகர்சா. மத்தியப் பிரதேசத்தில் ராய்ப்பூர், பிலாஸ்பூர், துர்க். ராஜஸ்தானில் ஜெய்ப்பூர், கோட்டா, சவாய் மாதோபூர். ஒடிசாவில் சம்பல்பூர், தேன்கனால், பூல்பானி. ஆந்திரத்தில் கர்நூல், மகபூப்நகர், மேடக், ஐதராபாத். கர்நாடகத்தில் குல்பர்கா, ராய்ச்சூர், பிஜாப்பூர். மாநிலத்துக்கு ஏறக்குறைய 400 கிராமங்கள்.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே நோக்கம் விளங்கிவிடும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் பெயர்போன மாவட்டங்கள் இவை. எளிதாகச் செய்துகாட்ட நினைத்திருந்தால் அகமதாபாத்தைச் சுற்றியோ கோதாவரி டெல்டாவிலோ வைத்திருக்கலாம். சாலையும் மின்சாரமும் இருக்கும், வெற்றியும் சுலபம். அதைச் செய்யாமல், பின்தங்கியிருப்பதையே தேர்வின் அளவுகோலாக வைத்தார்கள். பெட்டி பழுதானால் போய்ப் பார்க்க வட்டாரங்களில் பராமரிப்பு மையங்களையும் வண்டிகளையும் பணியாட்களையும் நிறுத்தினார்கள். அந்த ஓராண்டு முழுவதும் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை வேலைசெய்யும் நிலையிலேயே இருந்தன. இந்தியக் கிராமத்தில் ஒரு நுட்பமான கருவி தாக்குப்பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நேரான பதில். பெட்டியைக் காப்பாற்றியது பெட்டியின் தரம் மட்டுமல்ல. பழுது என்று சொன்னால் ஆள் வருவான் என்ற ஏற்பாடும்தான்.

தமிழ்நாட்டுக் கிராமம் எதுவும் பட்டியலில் இல்லை, தமிழில் நிகழ்ச்சியும் இல்லை. இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகள் மட்டும்.

இலங்கையில் மட்டும் ஒரே ஒரு வீட்டில் இந்த ஒளிபரப்பு தெரிந்தது. செயற்கைக்கோள் வழித் தொடர்பு சாத்தியம் என்று 1945லேயே எழுதிய, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கொழும்பு வீட்டில் இஸ்ரோ பொறியாளர்கள் போய் ஓர் ஆன்டெனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல்தான் தொடங்கியது. அதனால் அந்தத் தீவில் டிவி ஓடிய முதல் வீடாக அது ஆயிற்று.

மொழிக்கு 22½ நிமிடம்

ஒரே செயற்கைக்கோள், ஒரே படத் தடம். காலையில் பள்ளிகளுக்கு ஒன்றரை மணி நேரம். 90 நிமிடத்தை நான்கு மொழிக்குப் பங்கிட்டால் மொழிக்கு 22½ நிமிடம். ராய்ச்சூர் மாவட்டத்துப் பள்ளியில் ஆசிரியர் பெட்டியைப் போட்டால் கன்னடத்துக்கு உரிய அந்த 22½ நிமிடம்தான் அந்தப் பிள்ளைகளுடையது. மற்ற 67½ நிமிடமும் திரையில் ஏதோ ஓடும், பேச்சு புரியாது. மாலை இரண்டரை மணி நேரத்திலும் இதே பங்கீடுதான். அதில் அரை மணி நேரம் நாடு முழுவதற்குமான பொது நிகழ்ச்சியும் செய்தியும் இந்தியில். ஒரு படத்தோடு இரண்டு மொழி ஒலியை ஒரே நேரத்தில் அனுப்பும் வசதி இருந்ததால் கொஞ்சம் நெருக்கடி குறைந்தது. ஆனால் அந்த வசதிக்கும் ஒரு விலை இருந்தது. மேடக் உழவருக்கும் பிஜாப்பூர் உழவருக்கும் ஒரே படத்தைக் காட்டினால், அந்தப் படத்தில் இருக்கும் வயல் இருவரில் ஒருவருக்காவது அந்நியமாகத்தான் இருக்கும்.

இந்தி பேசும் மாநிலங்கள் என்று ஒரே கட்டாகக் கட்டியதிலும் சிக்கல் இருந்தது. தர்பங்காவில் வீட்டு மொழி மைதிலி. ராய்ப்பூரில் சத்தீஸ்கரி. சவாய் மாதோபூரில் ராஜஸ்தானியின் வட்டார வழக்குகள். டெல்லி நிலையத்தில் தயாரான இந்தி இவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் புரிந்திருக்க வழியில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பாடப்புத்தக மொழி.

ஓராண்டுக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 1,460 மணி நேர ஒளிபரப்பு. அன்றைய இந்தியாவில் மொத்தத் தொலைக்காட்சி அனுபவமே சில நகரங்களின் மாலை நேர நிகழ்ச்சிகள்தான். டெல்லி, கட்டாக், ஐதராபாத் ஆகிய இடங்களில் இதற்கென்றே தயாரிப்பு மையங்கள் உருவாயின. அவற்றை நடத்தியது ஆல் இந்தியா ரேடியோ. தொலைக்காட்சி அப்போது வானொலியின் ஒரு பிரிவாகத்தான் இருந்தது. ‘சைட்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1976 ஏப்ரல் 1 அன்றுதான் தூர்தர்ஷன் தனி அமைப்பாகப் பிரிந்தது. பள்ளிகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளின் பெரும் பகுதியை விண்வெளிப் பயன்பாட்டு மையமே தன் குழுவை வைத்து எடுத்தது. பாடப்புத்தகத்தைத் திரையில் ஒப்பிக்கக் கூடாது, பிள்ளையைச் சுற்றி இருக்கும் பொருள்களிலிருந்து கேள்வி கேட்கக் கற்றுத்தர வேண்டும் என்பதில் யஷ் பால் உறுதியாக இருந்தார். பிற்காலத்தில் பள்ளிப் பைச் சுமையைப் பற்றிய 1993ஆம் ஆண்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோதும் அவர் அதையேதான் சொன்னார்.

காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஐந்து வாரம் கழித்து இந்திரா காந்தி ‘சைட்’டைத் தொடங்கிவைத்தார். பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. அந்த ஓராண்டில் கிராமத்துக்கு வந்த செய்தி அரசு சொன்ன செய்தி மட்டும்தான். மாலை நிகழ்ச்சிகளின் முக்கியப் பொருள்களில் குடும்பக் கட்டுப்பாடும் ஒன்று. 1976இல் வட மாநிலங்களில் கட்டாயக் கருத்தடை எந்த அளவுக்குப் போனது என்பதை நாடு அறியும். திரையில் பரிவோடு சொல்லப்பட்ட அறிவுரையையும் தெருவில் நடந்த பலவந்தத்தையும் அதே மக்கள் அதே மாதங்களில்தான் அனுபவித்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய அறிவு கூடியது என்ற ஆய்வு முடிவை நான் இந்தச் சூழலோடு சேர்த்தே படிக்கிறேன். அந்தக் கூடுதலில் எவ்வளவு டிவியால் வந்தது, எவ்வளவு அச்சத்தால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

பார்த்தவர்கள் யார், கற்றது என்ன

‘சைட்’ தன்னைத்தானே அளந்துகொண்ட விதம் அதன் பெரிய சாதனை. ஒளிபரப்புக்கு முன், நடுவில், முடிந்த பின் என்று மூன்று கட்டமாகக் கணக்கெடுப்பு. டிவி வந்த ஊர்களோடு டிவி வராத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். எண்களோடு நிற்காமல் மானிடவியலாளர்களைக் கிராமங்களில் குடியிருக்க வைத்து, டிவி வருவதற்கு முன்பிருந்தே ஊரின் நடப்பைக் குறித்துக்கொள்ளச் செய்தார்கள். இந்தப் பணியில் முக்கியப் பங்கு வகித்தவர் மானிடவியலாளர் பினோத் அகர்வால். ராக்கெட் செய்யும் நிறுவனத்தில் ஒரு சமூக ஆய்வுப் படையே இருந்தது. பின்னாளில் தொடங்கப்பட்ட எத்தனையோ கல்வித் தொலைக்காட்சிகளுக்கு இப்படி ஒரு அளவீடு வாய்க்கவில்லை.

தொடக்கத்தில் வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டம் சில வாரங்களில் குறைந்து, நிலையான ஒரு வட்டமாக ஆனது. அந்த வட்டத்தில் பிள்ளைகள் நிறைய. பெரியவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஏழைகளும் அதிகம். பத்திரிகை எட்டாத, வானொலிகூட இல்லாத வீட்டுக்காரர்கள் அவர்கள். வசதியானவர்கள் அவ்வளவாக வரவில்லை. பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே வந்தார்கள். மாலை நேரம் அடுப்பு நேரம் என்பது ஒரு காரணம். பெட்டி எந்தத் தெருவில், யாருடைய இடத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது என்பது இன்னொன்று. ஆனாலும் உடல்நலம், சுகாதாரம் போன்றவற்றில் அறிவு கூடியது யாருக்கு என்று பார்த்தால், தொடர்ந்து வந்து பார்த்த பெண்களிடமும் எழுத்தறிவில்லாதவர்களிடமும்தான் அது மிகுதி. மிகக் குறைவாக வைத்திருந்தவர்கள் மிக அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். ‘சைட்’டின் அறிக்கைகளில் இருந்து ஒரே ஒரு முடிவைத்தான் எடுத்துச்சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கல்வித் திட்டங்களின் பலன் ஏற்கனவே படித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும் என்பது பொதுவான அனுபவம். இங்கே அது நடக்கவில்லை. காரணம், பெட்டி பொதுவானது, பார்க்க எழுத்து தேவையில்லை, இடமும் ஏழைகளின் ஊர்.

வேளாண்மையில் கதை வேறு. உழவர் நிகழ்ச்சிகளுக்கு நேரம் தாராளமாகத் தரப்பட்டும், பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. கர்நூலின் கரிசலுக்கும் மேடக்கின் செம்மண்ணுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. பொருந்தினாலும் திரையில் சொன்ன விதை அந்த வாரம் வட்டாரக் கடையில் இருக்க வேண்டும், வாங்கக் கையில் காசு இருக்க வேண்டும். கையைக் கழுவு, பிள்ளைக்கு ஊசி போடு என்பதைக் கேட்டவர் அன்று மாலையே செய்துவிடலாம். புது ரகம் போடு என்பதைக் கேட்டவர் நாலு பேரைக் கேட்க வேண்டும், கடன் வாங்க வேண்டும், மழையைப் பார்க்க வேண்டும். திரைக்கு அப்பால் விரிவாக்க அலுவலரும் கூட்டுறவுக் கடனும் கைகோக்காத இடத்தில் டிவி தனியாக எதையும் சாதிக்கவில்லை.

பள்ளிகளில் பிள்ளைகளின் பேச்சுத்திறனிலும் புதிதாகத் தெரிந்துகொள்ளும் ஆர்வத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சேர்க்கை கூடவில்லை, இடைநிற்றல் குறையவில்லை. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. மாடு மேய்க்கவோ தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ பள்ளியை விட்டுப் போன பிள்ளையை 22½ நிமிடப் படம் திரும்பக் கூட்டிவராது. வந்த பிள்ளைக்கு அது என்ன கொடுத்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு விடை நன்றாகவே இருந்தது.

அதிகம் பேசப்படாத வெற்றி ஆசிரியர் பயிற்சி. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான என்சிஇஆர்டியுடன் சேர்ந்து தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் பயிற்சி கொடுத்தார்கள். டிவி நிகழ்ச்சி, வானொலி, அச்சிட்ட கையேடு, கையால் செய்துபார்க்கும் சோதனைகள் எல்லாம் கலந்த 12 நாள் முகாம். இரண்டு சுற்றில் ஏறக்குறைய 50,000 ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரே நேரத்தில். நேர்முகப் பயிற்சியாளர்களை அனுப்பி இதைச் செய்ய நினைத்தால் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். திரை இங்கே தனியாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கையேடு இருந்தது, செய்துபார்க்கப் பொருள் இருந்தது, கூட உட்கார்ந்து பேச ஆட்கள் இருந்தார்கள். வேளாண்மை நிகழ்ச்சிக்கு இல்லாமல் போனது எதுவோ அது இதற்கு இருந்தது.

1976 ஜூலை 31க்குப் பின்

ஒப்பந்தம் முடிந்தது, ஏ.டி.எஸ்-6 மேற்கே நகர்ந்தது. தொடங்கும்போதே தெரிந்திருந்த முடிவுதான். சொந்தச் செயற்கைக்கோள் வரும்வரை இடைவெளியை நிரப்ப 1977 முதல் ஜெய்ப்பூர், ராய்ப்பூர், முசாபர்பூர், சம்பல்பூர், குல்பர்கா, ஐதராபாத் வட்டாரங்களில் தரை டிரான்ஸ்மிட்டர்கள் வந்தன. ‘சைட்’ கிராமங்களில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் அவற்றின் எல்லைக்குள் வந்தன. மற்ற ஊர்களில் பெட்டியும் கம்பிவலையும் இருந்தன, மேலிருந்து ஒன்றும் வரவில்லை. டிரான்ஸ்மிட்டர் நகரத்தில் நிற்கும், அதன் வட்டத்துக்குள் வருவது நகரமும் நகரத்தை ஒட்டிய ஊர்களும். வெளியே விழுந்தவை தொலைவில் இருந்தவை. எந்த ஊர்களைத் தேடிப்பிடித்து முதலில் சேர்த்தார்களோ அவையே முதலில் கழன்றன.

சொந்தச் செயற்கைக்கோள் வரப் பல ஆண்டு ஆனது. 1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் போன இன்சாட்-1பி நிலைத்தது. அதற்குள் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியும் வண்ணத் தொலைக்காட்சியும் வந்து, டிவி என்றால் என்ன என்ற எண்ணமே மாறியிருந்தது. இன்சாட் வழியே கிராமங்கள் நேரடியாகப் பெறும் ஏற்பாடும் சில மாவட்டங்களில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அரசின் முழு வேகமும் டிரான்ஸ்மிட்டர்களில்தான். 1984இல் சில மாதங்களுக்கு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் குறைதிறன் டிரான்ஸ்மிட்டர்களை நட்டார்கள். செயற்கைக்கோள் டெல்லியின் நிகழ்ச்சியை ஊர் ஊராகக் கோபுரங்களுக்குக் கடத்தும் வேலையைச் செய்தது. வீட்டில் பெட்டி வாங்கியவர் பார்த்தார். மேலிருந்து விழும் அலைக்கு எல்லா ஊரும் ஒன்று என்ற சாராபாயின் கணக்கில் கோபுரம் மறுபடி குறுக்கே வந்துவிட்டது, அதோடு நகரம் முதலில் என்ற பழைய வரிசையும்.

வரிசையை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் குஜராத்தின் கெடா மாவட்டம். ‘சைட்’ காலத்திலேயே பீஜ் என்ற ஊரில் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரை வைத்து, அகமதாபாத்திலிருந்து நிகழ்ச்சி அனுப்பினார்கள். பொதுப் பெட்டிகளைப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் வைத்தார்கள். காலையும் மாலையும் எல்லாச் சாதியாரும் பால் ஊற்ற வந்துதான் ஆகவேண்டிய இடம் அது. நிகழ்ச்சிகள் அந்த மாவட்டத்தின் பேச்சு வழக்கில், அந்த மாவட்டத்தின் கூலி, சாதி, பெண்கள் பிரச்சினைகளைப் பற்றி இருந்தன. ஊர்மக்களே அவற்றில் பங்கெடுத்தார்கள். 1984இல் கிராமத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ விருது கெடா திட்டத்துக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும் எண்பதுகளைத் தாண்டி அது நீடிக்கவில்லை, வேறு மாவட்டங்களுக்கும் பரவவில்லை.

1996இல் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் இஸ்ரோ மறுபடி முயன்றது. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் 150 கிராமங்களில் நேரடியாகப் பெறும் டிஷ்கள். வட்டாரத் தலைமையிடங்களில் இருந்து மக்கள் திருப்பிக் கேள்வி கேட்கும் வசதி. ‘சைட்’டில் பேச்சு ஒருவழிப் போக்குவரத்தாக இருந்தது. திரை சொல்லும், ஊர் கேட்கும். இருபது ஆண்டு கழித்துத்தான் ஊரின் குரல் திரும்பிப் போக ஒரு கம்பி கிடைத்தது.

பிறகு 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் போனது. கல்விக்கென்றே இந்தியா செய்த முதல் செயற்கைக்கோள். நாட்டின் வெவ்வேறு பகுதிகளுக்குத் தனித்தனிக் கற்றைகள் இருந்ததால் மொழிக்கு 22½ நிமிடம் என்று பங்கிடும் அவலம் இல்லை, வகுப்பறையிலிருந்து திருப்பிக் கேட்கும் வசதியும் உண்டு. 1975இல் மேலே எது குறையாக இருந்ததோ அத்தனையும் சரியாகியிருந்தது. 2010இல் அதன் பணி முடிந்தது. 2013இல் வந்த தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை குறைகண்ட இடங்கள் எல்லாம் தரையில் இருந்தன. இயங்காத முனையங்கள், தாமதமாக அமைந்த வலையமைப்புகள், போதாத நிகழ்ச்சிகள். இரவல் கோளை வைத்துக்கொண்டு அகமதாபாத் குழு எந்த வேலையை மிகக் கவனமாகச் செய்திருந்ததோ, அந்தப் பராமரிப்பு வண்டியும் கள ஆய்வாளரும் ஆசிரியர் கையேடும் சொந்தக் கோள் வந்த காலத்தில் போதிய அளவுக்கு இல்லை.